கூறு போட்ட மாத்திரை

நான் ராயபுரத்தில் ஆட்டோ ஓட்டுகிறேன். படிப்பு ஐந்தாவதோடு நின்றது. எழுத வரும். நீளமாக வராது. அந்த டாக்டரம்மாவைப் பற்றி யாராவது எழுதவேண்டும். கூடவே போய் வந்தவன் நான் என்பதால் எழுதுகிறேன்.

முதல் தடவை என் வண்டியில் ஏறியபோது அவர் சின்னப் பெண். வெள்ளைக் கோட்டை மடித்துக் கையில் வைத்திருந்தார். அரசு ஆஸ்பத்திரி வாசலில் நின்று காசிமேடு போகணும் என்றார். காசிமேட்டில் எங்கே என்று கேட்டேன். தெரியாது, ஒரு ஆளைத் தேடவேண்டும் என்றார்.

"இன்னாம்மா, ஆஸ்பத்திரி சாமான் எதுனா தூக்கினு ஓடிட்டானா?"

"இல்லண்ணா. நல்லாக்கித்தான் அனுப்பினோம். திரும்பி வரச் சொன்ன நாள்ல வரலை. எப்படி இருக்கார்னு பாக்கணும்."

கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தோம். அந்த ஆள் இறந்து பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது. அவர் பெண்சாதி மாத்திரைகளைக் கொண்டுவந்து காட்டினாள். பாதிக்குமேல் அப்படியே இருந்தது. டாக்டரம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. "எந்த மாத்திரையை முதல்ல நிறுத்தினாரு? ஏன் நிறுத்தினாரு?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். திரும்பும்போது என்னிடம், "நாளைக்கும் வர முடியுமாண்ணா? இன்னும் நாலஞ்சு பேரைத் தேடணும்" என்றார்.

அப்போது ஆரம்பித்தது. அவர் தலையில் இப்போது நரை. எனக்குத் தலையே வழுக்கை.

இதயம் நின்றுபோவதைத்தான் நான் கேள்விப்பட்டிருந்தேன். இளைத்துப்போகும் என்று அவர் சொல்லித்தான் தெரியும். துடிக்கும், ஆனால் இறைக்காது. படகின் அடியில் தேங்கும் தண்ணீரை வெளியே இறைக்க ஒரு பம்பு இருக்கும். அது பழுதானால் படகு உடனே மூழ்காது. தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். உடம்பும் அப்படித்தான். முதலில் கால், பிறகு வயிறு, கடைசியில் நெஞ்சுக்கூடு. ஊசி போட்டு நீரை இறக்கி வீட்டுக்கு அனுப்புவார்கள். கொஞ்ச நாளில் அதே ஆள் அதே மூச்சிரைப்போடு திரும்பி வருவான். அவன் திரும்பி வராமல் இருக்க என்ன வழி என்பதுதான் டாக்டரம்மாவின் ஆராய்ச்சி. வேறு ஒன்றும் அவர் செய்து நான் பார்த்ததில்லை. இதைத்தான் திருப்பித் திருப்பிச் செய்தார்.

என் அண்ணனுக்கும் அந்த வியாதி வந்தது. அண்ணன் விசைப்படகில் டிரைவர். வாரியக் குடியிருப்பில் இரண்டாவது மாடி. ஏறும்போது நடுவில் உட்கார ஆரம்பித்தான். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து தூங்கினான். கால் வீக்கத்தில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்தது. வாயு என்றான். நான் தூக்கி வண்டியில் போட்டேன்.

டாக்டரம்மா கருவி வைத்து டி.வி.யில் பார்த்தார். அண்ணனுக்கும் காட்டினார்.

"இன்னாமா இது, பை மாதிரி தொங்குது?"

"இதான் உங்க இதயம். இனிமே கடலுக்குப் போகக்கூடாது."

"வூட்ல குந்தினு இன்னா பண்றது?"

"உயிரோட இருக்கறது."

அண்ணன் துறைமுகத்து வலைக்கொட்டகையில் கிழிசல் தைக்க உட்கார்ந்தான். அங்கே அவனுக்கு ஒரு தோஸ்து உண்டு. ஒரே படகில் சின்ன வயதிலிருந்து ஒன்றாகப் போனவன். அவனுக்கும் இதே வியாதி. கொட்டகையில் இன்னும் சிலருக்கும் இருந்தது. கடலில் இருக்கும்போது மார்வலி வந்தாலும் வலையை இழுத்து முடித்துவிட்டுத்தான் கரைக்கு வருவார்கள். அதற்குள் இதயத்தில் பாதி போயிருக்கும்.

பெரிய ஆராய்ச்சி ஒன்று அப்போது அவர் கைக்கு வந்தது. ஒரு புது மாத்திரை. வெளிநாட்டில் சோதித்துப் பார்த்தாயிற்று. "அங்க இருக்கறவங்க உடம்பு வேற, சாப்பாடு வேற. நம்ம ஆளுங்களுக்கு இது கேக்குதான்னு நம்ம ஆளுங்க கிட்டதான் பாக்கணும். மத்த இடத்துல துறைமுகத்து ஆளுங்கன்னாலே சேக்க மாட்டேங்கறாங்க. ஒரு இடத்துல நிக்க மாட்டாங்களாம். நான் சேக்கப்போறேன்" என்றார்.

வலைக்கொட்டகைக்கே வந்து பேசினார். இப்போது சாப்பிடும் மாத்திரைகள் எல்லாருக்கும் அப்படியே தொடரும். கூடவே ஆளுக்கு ஒரு டப்பா. சிலர் டப்பாவில் புது மருந்து, சிலர் டப்பாவில் சும்மா மாவு. பார்க்க ஒன்றுபோல இருக்கும். யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது. மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். பிடிக்காதவர்கள் சேரவேண்டாம், நடுவிலும் விலகலாம் என்றார்.

யாருக்கும் விளங்கவில்லை. அண்ணனின் தோஸ்துதான் சொன்னான்.

"அட, நம்ம கூறு போடற மாரி."

அது என்ன என்று டாக்டரம்மா கேட்டுத் தெரிந்துகொண்டார். படகு கரைக்கு வந்ததும் குழம்புக்கு எடுத்துப்போகும் மீனை ஆளுக்கு ஒன்றாகக் கூறு கட்டுவார்கள். ஒருவன் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பான். இன்னொருவன் ஒரு கூறைத் தொட்டு இது யாருக்கு என்பான். முதுகைக் காட்டி நிற்பவன் ஒரு பேர் சொல்வான். அந்தக் கூறு பேர் வந்தவனுக்கு. யாருக்கும் வருத்தமில்லை.

டாக்டரம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "இதேதாண்ணா! கம்ப்யூட்டர் முதுகைத் திருப்பிட்டு நிக்குது" என்றார். அதற்கப்புறம் காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வரை கூறு கதையைச் சொல்லியே ஆள் சேர்த்தார். ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார். "கடைசி நாள்வரைக்கும் யாரும் காணாமப் போகக்கூடாது. விலகறதா இருந்தா எங்கிட்டச் சொல்லிட்டு விலகுங்க. காணாமப் போனா, துறைமுகத்து ஆளுங்கள இனிமே யாரும் சேக்க மாட்டாங்க."

ஒரு நாள் அண்ணனையும் தோஸ்தையும் பரிசோதனைக்குக் கூட்டிப்போகக் கொட்டகைக்குப் போனேன். இரண்டு பேரும் கஞ்சி குடித்து முடித்திருந்தார்கள். நடுவில் ஒரு ஊறுகாய் டப்பா. அண்ணன் அதில் கைவிட்டு ஒரு மாத்திரை எடுத்து விழுங்கினான். தோஸ்தும் அதிலிருந்தே எடுத்தான்.

"இன்னாண்ணா இது?"

"மாத்ர."

"ரெண்டு பேருதும் ஒண்ணா கொட்டி வெச்சிகீறீங்களே?"

"கொட்டுனா இன்னா, கெட்டா பூடும்?" என்றான் தோஸ்து.

"யாருது எதுன்னு எப்டி தெரியும்?"

"தெரியக்கூடாதுன்னுதான மாமு டாக்டரம்மாவே சொல்லிச்சு!" என்று சொல்லிவிட்டுப் பெரிதாகச் சிரித்தான்.

அண்ணன் சிரிக்கவில்லை. "டேய், ஒருத்தனுக்கு மருந்து, ஒருத்தனுக்கு மாவு. மாவு துன்றவன் சாவணுமா? ஒரே போட்டுல ஒரே தட்டுல துன்னவனுங்கடா நாங்க. கூறு வுழுந்தப்புறம் ஒருத்தன் கூறுல பொடி மீனா கீதுன்னா, மத்தவன் அள்ளிப் போடறது இல்லியா?"

அது உண்மைதான். முதுகைத் திருப்பிப் பேர் சொல்வதோடு கூறு முடிவதில்லை. மட்டமான கூறு யாருக்கு விழுந்ததோ, அவனுக்கு மற்றவர்கள் ஒவ்வொரு மீன் தூக்கிப் போடுவார்கள். போடாதவனை அடுத்த தடவை படகில் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

"எப்பலேர்ந்து?"

"மொத டப்பாலேர்ந்து. நாங்க மட்டும் இன்னா? கொட்டாயில கீற அல்லாரும் அப்டித்தான். அவனவன் சோடி சேத்துகினான்."

"இப்பவே போயி சொல்லப்போறேன்" என்றேன்.

"சொல்லு. நாங்க இன்னா திருடுனமா?"

ஊறுகாய் டப்பாவோடு இருவரையும் ஏற்றிக்கொண்டு போனேன். டாக்டரம்மா டப்பாவைத் திறந்து பார்த்தார். எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. இனி பிரிக்க முடியாது. அவர் மூடியைத் திருகினார். திரும்பவும் திறந்தார். நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"கூறைப் பத்திப் பாதிதான் கேட்டிருக்கேன்" என்றார். பிறகு அண்ணனைப் பார்த்து, "அள்ளிப் போடறதை ஏண்ணா அன்னிக்குச் சொல்லலை?"

"நீ கேக்கலியேம்மா. அது ஊர்ல அல்லாருக்கும் தெரிஞ்சதுதான?"

அவர் கத்தவில்லை. கொட்டகை ஆட்கள் எல்லாரையும் வரச்சொன்னார். ஒவ்வொருவரிடமும் யார் யாரோடு கலந்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். அன்றைக்கே மேலிடத்துக்கும் சொல்லிவிட்டார். மறைத்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அதை நான் கேட்டேன். "மறைச்சா அப்புறம் நான் எதைத்தான் கண்டுபிடிக்கறது?" என்றார்.

ஆராய்ச்சியை மேற்பார்வை செய்யும் இடத்திலிருந்து இரண்டு பேர் காரில் வந்தார்கள். நான் வராந்தாவில் காத்திருந்தேன். கதவு திறந்தே இருந்தது. பாதி இங்கிலீஷ், பாதி தமிழ்.

"மேடம், ஹார்பர் ஆளுங்களை மொத்தமா எடுத்துடுங்க. மத்தவங்களை வெச்சு சுத்தமா முடிச்சிடலாம். இவங்களைச் சேத்ததே தப்பு."

"எடுத்துட்டு, இந்த மருந்து ஹார்பர் ஆளுங்களுக்குக் கேக்குமான்னு நாளைக்கு ஒருத்தன் கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"அவங்க சாப்பிட்டது எதுன்னே தெரியாதே?"

"யாருக்கு எந்த டப்பா விழுந்ததோ, அந்தப் பக்கமே வெச்சுக் கணக்குப் பண்ணுவேன். கலந்ததையும் சேத்து எழுதுவேன். நிஜத்துல மருந்தை இப்படித்தான் சாப்பிடுவாங்கன்னா அதுவும் தெரியட்டும். ஒருத்தரையும் எடுக்க மாட்டேன்."

ரொம்ப நேரம் பேசினார்கள். கடைசியில் ஒத்துக்கொண்டு ஒரு நிபந்தனை வைத்தார்கள். இனிமேல் துறைமுகத்து ஆள் ஒருவர் காணாமல் போனாலும் துறைமுகத்து ஆராய்ச்சியையே மூடிவிடுவோம் என்றார்கள். கார் போனபிறகு டாக்டரம்மா என் வண்டியில் ஏறி, "கொட்டகைக்குப் போலாம்ணா. புது டப்பா குடுக்கணும். இந்தத் தடவை முழுசாப் பேசணும்" என்றார்.

பேசினார். ஆட்களும் தலையாட்டினார்கள். ஆனால் கதை ஏலக்கூடம் வரைக்கும் பரவிவிட்டது. மீன்காரப் பெண்கள் விடுவார்களா?

"ஏய், வழி வுடுங்கடி! மாத்ர பங்காளிங்க வராங்கோ!"

"இன்னா நைனா, எனுக்கு ஒரு கூறு இல்லியா? தலவலிக்குது!"

அண்ணன் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவான். தோஸ்தால் முடியவில்லை. வாயாடிதான், ஆனால் உள்ளுக்குள் எடுத்துக்கொள்வான். டாக்டரம்மா வேலையைக் கெடுத்துவிட்டோம் என்பதை யாரோ அவனிடம் அழுத்திச் சொல்லியிருக்கிறார்கள். மீன்பிடித் தடைக்காலம் வந்தது. படகுகள் கட்டிக் கிடந்தன. கொட்டகையில் ஆள் குறைந்தது. தோஸ்தும் வரவில்லை. போன் அணைந்து கிடந்தது.

அவன் வீட்டுக்குப் போனேன். பெண்சாதி வாயைத் திறக்கவில்லை. புது டப்பா மாடத்தில் உடைக்காமல் இருந்தது. பழைய மாத்திரைகளும் அங்கேயே இருந்தன. அதைப் பார்த்ததும் எனக்குக் காசிமேட்டு வாசற்படி ஞாபகம் வந்துவிட்டது.

"அண்ணி, ஆளு செத்துப்பூடுவான். எங்க கீறான்?"

"கத்திவாக்கத்துல என் தங்கச்சி வூட்ல. நான் சொன்னேன்னு சொல்லாத."

டாக்டரம்மாவிடம் சொன்னேன். புறநோயாளிகளைப் பார்த்து முடித்துப் பையை எடுத்துக்கொண்டு ஏறினார். சாப்பிடவில்லை. எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. ஒரு பக்கம் கடலும் கல்லும், ஒரு பக்கம் லாரி. டயர் உயரத்துக்கு என் வண்டி. தூசியில் கண் திறக்க முடியவில்லை.

"மூடிடுவாங்களா டாக்டரம்மா?"

"ஆளு கிடைச்சா மூட முடியாது."

"கெடச்சும் வர மாட்டேன்னா?"

"அது அவர் இஷ்டம். ஆனா மூச்சு சீரானப்புறம் எங்கிட்ட சொல்லட்டும்."

தங்கச்சி வாசலில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். இங்கே யாரும் இல்லை என்றாள். வீட்டுக்குப் பின்னால் இருமல் கேட்டது. டாக்டரம்மா அவளிடம் அனுமதி கேட்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சுற்றிப்போனார்.

கவிழ்த்துப் போட்ட படகில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கால் இரண்டும் தூண். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நாலு வார்த்தைக்கு ஒரு தரம் நின்று நின்று பேசினான்.

"எதுக்கும்மா... வந்த? என் பேர அடிச்சிடு. உன் வேலய நான்... பாழ் பண்ட்டேன்."

"பேரை அடிக்க முடியாதுண்ணா."

"ஏன்... ரப்பர் இல்லியா?"

மூச்சு முட்டும்போதும் அவனுக்கு வாய் அடங்கவில்லை. டாக்டரம்மா மண்டியிட்டு உட்கார்ந்து மார்பில் கருவியை வைத்தார். பையைத் திறந்து ஊசியை எடுத்தார்.

"செத்துட்டேன்னு... எழுதிக்கோ."

"பொய் எழுத மாட்டேன். கையை நீட்டுங்க."

"ஆராய்ச்சிக்குத்தான... வந்த?"

"அதுக்கும்தான் வந்தேன்." அவர் ஊசியைப் போட்டார். "புது மாத்திரை வேணாம்னா வேணாம். சொல்லிட்டு விட்டுடுங்க, கோவம் இல்ல. பழைய மாத்திரையையும் ஏன் நிறுத்தினீங்க?"

அவன் முகத்தைக் கழிமுகத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"உன் மூஞ்சில முழிக்காம... உன் மாத்ரய மட்டும் எப்டிம்மா துன்றது?"

டாக்டரம்மா கருவியைப் பையில் போட்டு மூடினார். பிறகு அவன் தோளுக்கு அடியில் கையைக் கொடுத்தார். "முழிச்சாச்சு. எழுந்திரிங்க" என்றார். நான் மறுபக்கம் பிடித்தேன்.

திரும்பும்போதும் அதே லாரி வரிசை. போட்டது நீர் இறக்கும் ஊசி. திருவொற்றியூர் வருவதற்குள் அவன் என் முதுகைத் தட்ட ஆரம்பித்தான்.

"மாமு, வண்டிய நிறுத்து."

"நடு ரோட்லயா?"

"நிறுத்துறியா, உன் சீட்ட நாஸ்தி பண்ணவா?"

இரண்டு கண்டெய்னருக்கு நடுவில் நிறுத்தினேன். பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. டாக்டரம்மா இறங்கி, பின்னால் வந்த லாரிக்காரனுக்குக் கையைக் காட்டி நிறுத்திக்கொண்டு நின்றார். திரும்ப ஏறும்போது அவன் மூச்சு கொஞ்சம் தணிந்திருந்தது. ஆஸ்பத்திரி போவதற்குள் இன்னும் இரண்டு மூன்று இடத்தில் நிறுத்தினோம். நிறுத்தும்போதெல்லாம் அவர் "நல்லது, நல்லது" என்றார்.

தேறிவிட்டான். வார்டில் சாய்ந்து உட்கார்ந்து, புது டப்பாவையும் தொடர்வதாக அவனே சொன்னான். கடைசி நாள் வந்தபோது துறைமுகத்து ஆள் ஒருவரும் காணாமல் போகவில்லை. நடுவில் இறந்தவர்கள் உண்டு. அவர்கள் எந்த நாளில், எப்படி இறந்தார்கள் என்பதும் டாக்டரம்மாவிடம் இருந்தது. நாங்கள் வீடு வீடாகப் போய்க் கேட்டது.

முடிவு வந்ததும் அதைக் கொட்டகைக்கு வந்து அவரே சொன்னார். வலைக் குவியலில் உட்கார்ந்து, வேறு எங்கேயும் சொல்வதற்கு முன்னால் இங்கே சொல்கிறேன் என்றார். மருந்து கேட்கிறது என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. கேட்கவில்லை என்றும் சொல்ல முடியவில்லை. மருந்து டப்பா, மாவு டப்பா இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான்.

அண்ணன் வலை தைக்கும் ஊசியைக் கீழே வைத்தான். "நாங்க கலந்ததாலயா?"

"அதுவும் ஒரு காரணம். அது மட்டும்தான்னு சொல்ல மாட்டேன்."

இத்தனை வருஷ உழைப்பு. அவர் முகத்தைப் பார்த்தேன். களைப்பு இருந்தது. வேறு எதுவும் தெரியவில்லை.

"அதான் திரும்பவும் முதல்லேர்ந்து செய்யப்போறேன்" என்றார். "இந்தத் தடவை ஆளுக்கு ஒரு கூறு கிடையாது. படகுக்கு ஒரு கூறு. ஒரு படகு ஆளுங்க எல்லாருக்கும் ஒரே மாதிரி. மருந்துன்னா எல்லாருக்கும் மருந்து, இல்லன்னா யாருக்கும் இல்ல. உங்களுக்குள்ள எப்படி வேணா அள்ளிப் போட்டுக்கோங்க."

கொட்டகை சிரித்தது. மேலிடம் இன்னும் சம்மதிக்கவில்லை என்பதையும் சொன்னார். சம்மதிக்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்பாராம்.

தோஸ்து மட்டும் தலையை ஆட்டினான்.

"இல்லம்மா, ஒதவாது. பக்கத்து போட்டுல என் மாமன் கீறான். அவனுக்கு மாவுன்னா நான் சொம்மா பாத்துகினு குந்தினு இருப்பேனா?"

டாக்டரம்மா அவனைப் பார்த்தார். பேனாவைத் திறந்தார்.

"இதைக் கேக்கத்தான் வந்தேன். எந்தப் போட்டுல யாருக்கு யார் மாமன், யார் மச்சான்? சொல்லுங்க."

ஒருவன் சொன்னான். அது தப்பு என்று இன்னொருவன் சொன்னான். அண்ணன் இருவரையும் திட்டிவிட்டு அவன் ஒன்று சொன்னான். மீன்காரம்மா ஒருத்தி கூடையை இறக்கி வைத்து, "ஆம்பளைங்களுக்கு இன்னா தெரியும், நான் சொல்றேன் எழுதும்மா" என்று நடுவில் வந்து உட்கார்ந்தாள். மதியம் நான் வாங்கி வந்த டீ அவர் பக்கத்தில் ஆடை கட்டிப்போனது. அவர் எழுதிக்கொண்டிருந்தார். நான் போய் வண்டியை நிழலுக்குத் தள்ளி விட்டுவிட்டு வந்தேன்.